காதுக்காரர் தட்டிப் பார்த்த பாளம்

அந்தச் சலவைக்கல் குவாரியில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டியெடுத்த பாளத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். கணீரென்று கேட்டால் நல்ல கல். மொட்டையாகக் கேட்டால் உள்ளே விரிசல், ஒதுக்கிவிடுவார். முப்பது வருஷமாக அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

மனிதருக்கு அதில் தலைக்கனமும் உண்டு. புதிதாக வருகிறவர்களை நிறுத்திவைத்துக் கதை அளப்பார். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடலாம். சிப்பியும் சங்கும் செத்து அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அது பூமிக்குள் புதைந்து, வெந்து, நசுங்கிச் சலவைக்கல் ஆனது. சாம்பல் வரியெல்லாம் அந்தக் கடலின் சேறு. குவாரியின் மேல்தட்டில் உளி பட்ட தழும்பு இருக்கும், அது பாட்டன் காலம். நடுத்தட்டு, கம்பியும் மணலும் போட்டு அறுத்த காலம். அடித்தட்டில் இப்போது வைரத்தூள் பதித்த அறுப்புக்கம்பி ஓடுகிறது.

இவ்வளவு தெரிந்தவருக்குக் காது போய் ஐந்து மாதம். துளைபோடும் மெஷின் இரைச்சலில் போனது. ஆள் பேசினால் வாயசைவைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். கல்லுக்கு ஏது வாய்? குத்துமதிப்பாக "நல்ல கல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளிடம்கூட மூச்சுவிடவில்லை. வேலை போனால் போகட்டும், பேர் போய்விடுமே.

திங்கட்கிழமை அவர் நல்ல கல் என்ற பாளம், கிரேன் தூக்கும்போதே இரண்டாகப் பிளந்து விழுந்தது. யாருக்கும் அடிபடாமல் தப்பித்ததே பெரிசு. கிரேனில் இருந்தது அவருடைய மருமகன்.

"காதுக்காரர் பாத்த கல்லு தானா பிளக்குமா? நீதான் வெடுக்குனு இழுத்திருக்கே. நாளையிலேர்ந்து வராதே" என்றார் மேலாளர்.

காதுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மருமகன் எதிரே வந்து உட்கார்ந்தான். "நான் மெதுவாத்தான் தூக்கினேன் மாமா. ஆனா நீங்க பாத்த கல்லாச்சே. என் கைதான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கும்."

அவர் சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது.

விடிந்ததும் மேலாளர் முன்னால், எல்லோரும் பார்க்கச் சொன்னார்: "தப்பு என்மேலதான் சார். எனக்குக் காது கேக்கல. அஞ்சு மாசமாச்சு."

மேலாளர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "மருமகனுக்காகப் பழியத் தலையில போட்டுக்கிற மாமனார இப்பத்தான் பாக்கறேன். பெரிய மனசுய்யா உங்களுக்கு." சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. சுத்தியலை மேலாளர் கையில் திணித்தார். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க பாளத்தத் தட்டுங்க. சத்தம் கேட்டா கையத் தூக்கறேன்."

திரும்பி நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே இருந்தார்.

"தட்டுங்க சார். எவ்வளவு நேரம் நிக்கிறது?"

யாரும் தட்டுவதாகத் தெரியவில்லை. பொறுமையிழந்து திரும்பினார். பாளத்தின்மேல் ஏழெட்டு இடத்தில் சுத்தியல் பட்ட தடம் இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.