முறைப்படி எடுத்த இந்திய அணி

எங்கள் ஆட்கள் யாரும் அதுவரை ரக்பி பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தியாவுக்காக யார் யார் ரக்பி ஆட வேண்டும் என்று கொச்சி மட்டாஞ்சேரியில் ஐந்து நாள் விவாதம் நடந்தது. அது சண்டையாக மாறியதற்குக் காரணம் நான்தான்.

எழுபதுகளின் கடைசி. பஜார் தெருவில் சுக்கும் மிளகும் அடுக்கிய பண்டகசாலைகளுக்கு நடுவே, சுமை தூக்குபவர்களின் சங்கத்துக்கு ஓர் ஒற்றை அறை ஆபீஸ் இருந்தது. அங்கே நான் கிளார்க். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மூட்டை சுமந்தவர். அவருக்கு முதுகு விட்டுப்போனதும் பதினான்கு வயதில் அண்ணன் அந்த இடத்துக்குப் போனார். அண்ணன் சுமந்தார், நான் படித்தேன். படித்து முடித்ததும் அதே சங்கத்தில் பேனா பிடிக்க உட்கார்ந்தேன்.

என் முக்கிய வேலை முறைப் பட்டியல் எழுதுவது. சங்கத்தில் எழுபத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஒரு லாரிக்கு எட்டுப் பேர் வேண்டுமென்றால், நேற்று எந்த நம்பரில் நின்றதோ அதற்கடுத்த எட்டுப் பேர் போவார்கள். பலசாலியா நோஞ்சானா, வேண்டியவனா வேண்டாதவனா என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்ச்சலோ கல்யாணமோ வந்தால் ஒருவர் இன்னொருவரோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேட்கிறவர் எல்லார் முன்னிலையிலும் தன் வாயால் கேட்க வேண்டும். ஆள் விட்டுக் கேட்டால் செல்லாது. அந்த நம்பர்கள் எங்களிடையே பெயர்களையே விழுங்கிவிட்டிருந்தன. சாயாக்கடையில்கூட “நாப்பத்தாறு, ஒரு பீடி எடு” என்றுதான் பேச்சு. அண்ணன் ஐம்பத்தேழு.

ஒரு திங்கட்கிழமை, துறைமுகம் இருக்கும் வெலிங்டன் தீவிலிருந்து ஒரு கடற்படை அதிகாரி எங்கள் ஆபீசைத் தேடி வந்தார். வடக்கத்திக்காரர். கையில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து. தென்கடலில் உள்ள ஒரு தீவு நாட்டின் கப்பல், இயந்திரத்துக்கு ஏதோ பாகம் வர வேண்டுமென்று மூன்று வாரமாகத் துறைமுகத்தில் கிடந்தது. அதன் மாலுமிகளுக்கு ரக்பி என்றால் உயிர். எதிர்த்து ஆட யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அதிகாரிக்குத் தெரிந்து கடற்படையில் ஆடத் தெரிந்தவர்கள் ஏழு பேர். அணிக்குப் பதினைந்து பேர் வேண்டும். மீதி எட்டுப் பேர் முன்னணிக்காரர்கள்; கூட்டமாகத் தோள் கோத்து, தலையைக் குனிந்து, எதிராளியின் கூட்டத்தை முட்டித் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு மட்டாஞ்சேரி ஆட்களைவிட யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. மாலுமிகள் தங்கள் அணிக்குத் தங்கள் நாட்டின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டதால், எதிர்ப்பக்கம் வேறென்ன எழுதுவது என்று இவர் ‘இந்தியா’ என்று எழுதிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம் பந்து கை மாறிக்கொண்டே இருந்தது. உருண்டையாக இருந்தால் என்ன கேடு என்று ஒருவர் கேட்டார். பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னதை நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. “முன்னாடி போறதுக்குத்தானே ஆட்டம்? பின்னாடி குடுத்தா எப்ப போய்ச் சேர்றது?” என்றார் ஒருவர். மூட்டையும் அப்படித்தான், முன்னால் இருப்பவன் இறக்கிவிட்டுப் பின்னால் வருபவனுக்கு வழிவிடுவதில்லையா என்று இன்னொருவர் விளக்கினார். அதெப்படிப் பொருந்தும் என்று அதற்கு ஒரு தனி வாதம். ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது மூன்று வரி. அவர்கள் கேட்ட கேள்விகள் முப்பது.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் பாலத்தடியில் நின்று முகம் கழுவிக்கொண்டே சொன்னார்: “அந்த எட்டுப் பேருல நான் ஒருத்தனா இருக்கணும்டா.”

அண்ணன் எனக்குத் தெரிந்து எதையும் தனக்கு வேண்டுமென்று சொன்னதில்லை. புதுச் சட்டை, சினிமா, எதுவும். அப்போது அவருக்கு முப்பத்திநான்கு வயது. சரி என்று நான் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் பட்டியலை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். அந்த வாரம் வரவிருந்த லாரிகளைக் கணக்கிட்டால், முறைப்படி ஞாயிற்றுக்கிழமை வருவது நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை. அதில் நாற்பத்தாறாம் நம்பர், ஈர்க்குச்சி போன்ற ஆள். சாக்கைத் தூக்கினால் சாக்குதான் அவனைத் தூக்கிப் போவதுபோல் இருக்கும்.

தகுதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். அண்ணனுக்காக அல்ல, இந்தியாவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மையும்கூட. மறுநாள் பண்டகசாலையில் மிளகு மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏறச் சொன்னேன். சிலர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். “எத்தற கிலோ? சாக்கோட எடையக் கழிச்சியா?” என்று ஒருவர் கேட்டது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எடையையும் வயதையும் பார்த்து எட்டு நம்பர்களைத் தேர்ந்தெடுத்தேன். நியாயமாகப் பார்த்தாலும் அண்ணன் அதில் வந்தார். நல்ல தாளில், மேலே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ‘இந்தியா’ என்று எழுதி, கீழே எட்டு நம்பர்களையும் எழுதி, பலகையில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சங்கத்தில் பலகை ஒன்றுதான். முறைப் பட்டியல் ஒட்டுகிற பலகை.

புதன்கிழமை காலை நான் போனபோது தெருவில் இரண்டு இஞ்சி லாரிகள் நின்றிருந்தன. ஆட்கள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே யாருமில்லை. முறை தவறிய எட்டு நம்பர்களை மட்டும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். முதலாளிகள் மறுபடியும் ஆள் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆட்டமென்று சொல்லித் தராசில் ஏற்றியதே அதற்குத்தான், கிளார்க் பையன் அதற்கு உடந்தை என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அது பந்தாட்டத்துக்கான பட்டியல் என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. லாரிகளில் வேலை தொடங்கியது. ஆனால் கோபம் தணியவில்லை. அன்று மாலை ஆபீசுக்கு வெளியே எல்லாரும் கூடினார்கள். சங்கத்தின் கன்வீனர் மலையாளி. எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுபவர். ஸ்டூலைத் தெருவில் போட்டு உட்கார்ந்து, என்னை எதிரே நிற்கவைத்துக் கேட்டார்.

“எடா, ஆட்டத்துக்குன்னே இருக்கட்டும். பட்சே ஊழம் யாரோடது? முறை யாருக்கு வருது?”

“இது வேலை இல்ல சேட்டா. இந்தியாவுக்கு ஆடறது. நல்ல ஆளாப் பாத்து எடுத்தாத்தான் மானம் நிக்கும்.”

“இந்தியான்னா எழுபத்திரண்டு பேரும் இல்லியா?”

எந்த நாட்டிலும் தேர்வாளர்கள் உட்கார்ந்துதான் அணியை எடுப்பார்கள், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் அதுதான் நடக்கிறது என்றேன். கிரிக்கெட்டில் பம்பாய்க்காரன்தான் வருகிறான், நம் ஊர்க்காரன் எப்போது வந்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரும் சிரிப்பு. இன்னொருவர் சமாதானமாக ஒரு யோசனை சொன்னார்: “ஒண்ணு பண்ணலாம். பந்த மேல எறியுங்க. எவன் பிடிக்கறானோ அவன் ஆடட்டும்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. சொன்னவரே தலை குனிந்துகொண்டார்.

எனக்கு அது உடனே விளங்கவில்லை. பிறகு ஒன்பதாம் நம்பர் எழுந்தார். ஐம்பது தாண்டியவர். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. அது மூட்டைக் கொக்கி பட்டதாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது. முன்பெல்லாம் துறைமுகத்தில் வேலை வேண்டுமென்றால், ஆள் எடுக்கும் கங்காணியான மூப்பன் வெளியே வந்து ஒரு பிடி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவானாம். அதற்கு சாப்பா என்று பெயர். வில்லை கையில் கிடைத்தவனுக்கு அன்று வேலை. நூறு பேர் விழுந்து புரண்டு, கடித்து, மிதித்து, ஒருவன் கையிலிருந்து ஒருவன் பிடுங்குவார்கள். அவர் விரல் போனது அப்படி. வேண்டியவர்களுக்கு மூப்பன் எறிவதற்கு முன்பே ரகசியமாக ஒரு வில்லை கொடுத்துவிடுவதும் உண்டு. அதை நிறுத்தத்தான் அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் முறை.

“எறியறதும் வேண்டாம், பொறுக்கறதும் வேண்டாம்” என்றார். என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “உன் பட்டியல்ல உங்கண்ணன் இருக்கான். அவன் நல்ல பலசாலிதான், நான் இல்லேங்கல. ஆனா அந்தத் தாள எழுதின கை யாரோடது?”

அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை. பலகைக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்தேன்.

மறுநாள் படகில் தீவுக்குப் போய் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு நாட்டின் அணியை ரேஷன் கடைக் கியூ மாதிரி எடுப்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். எல்லாரையும் அனுப்பு, நான் பார்த்துப் பொறுக்கிக்கொள்கிறேன் என்றார். நீங்களும் பொறுக்கக் கூடாது என்பதுதான் விஷயம் என்றேன். கடைசியில் அவரும், எட்டுத் தலை வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வேலை பிரிக்கும் நேரம். இன்னும் ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். நாற்பத்தாறோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். அவன் பயந்தாங்கொள்ளி, விட்டால் போதுமென்று கொடுத்துவிடுவான் என்று நான் முந்தின நாளே அண்ணனிடம் சொல்லியிருந்தேன். இவர் யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர், எப்படிக் கேட்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டார். எல்லார் முன்னாலும் இரண்டடி முன்வந்து, தலையில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நாப்பத்தாறே, ஞாயித்துக்கிழமை முறைய எனக்குத் தர்றியா? பதிலுக்கு ரெண்டு முறை தர்றேன்.”

இரண்டு முறை என்பது யாரும் கொடுக்காதது. நாற்பத்தாறு கன்வீனரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கழுத்தைச் சொறிந்தான்.

“இல்லண்ணே” என்றான். “எனக்கும் ஆடணும்ணே.”

அந்த ஆளுக்கும் அப்படி ஓர் ஆசை இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எடை போட்டபோது தராசில் அவன் மட்டும் இரண்டு தடவை ஏறி நின்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் தோர்த்தை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். “அப்ப நீ ஆடு” என்று சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து தீவுக்குக் கிளம்பிய படகில் எங்கள் ஆட்கள்தான் பாதி. அண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு மழை பெய்து மைதானம் சேறாகியிருந்தது. மாலுமிகள் ஒவ்வொருவரும் ஒரு கதவு அகலம். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே எங்களுக்குத் தோல்வி நிச்சயமாகிவிட்டது. எங்கள் எட்டுப் பேருக்கும் பந்து எங்கே என்றே தெரியவில்லை. ஒருவர் பழக்க தோஷத்தில் பந்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஓட வேண்டும் என்று கரையிலிருந்து கத்த வேண்டியிருந்தது.

எனக்குப் பிடிபடாத ஒன்றும் அங்கே நடந்தது. தோள் கோத்து முட்டும் கூட்டத்தில் முன்வரிசையின் நடு ஆளாக அதிகாரி நாற்பத்தாறை நிறுத்தியிருந்தார். நடு ஆள் தள்ளுவதைவிடக் காலால் பந்தைக் கொத்திப் பின்னால் இழுக்க வேண்டும், கால் வேகம் போதும், எடை அவ்வளவு முக்கியமில்லை என்று எனக்கு அப்போதுதான் சொன்னார். என் தராசுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நாற்பத்தாறு பத்துத் தடவை நசுங்கி, ஒரே ஒரு தடவை பந்தைக் கொத்தி எடுத்தான். அந்த ஒரு தடவைக்கு எங்கள் ஆட்கள் போட்ட சத்தத்தில் மாலுமிகளே திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சத்தம் போடவில்லை. கோட்டருகே குந்தி உட்கார்ந்து, அந்தக் கூட்டத்தின் கால்களுக்கிடையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் படகுக்காக படகுத்துறையில் நின்றபோது, உடம்பெல்லாம் சேறும் உதட்டில் வீக்கமுமாக இருந்த நாற்பத்தாறிடம் அண்ணன் போனார். இவர் கோபமாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

“உள்ள எப்படிடா இருக்கு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் தெரியலண்ணே. காலுதான் தெரிஞ்சுது. எல்லாரோட காலும்.”

“அப்ப பந்து எங்க வருதுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாதுண்ணே. வர்ற மாதிரி இருக்கும். அப்ப கொத்தணும்.”

அண்ணனுக்கு அது போதவில்லை. மூச்சு விட முடியுமா, எதிராளியின் தலை எந்தப் பக்கம் வரும், கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா என்று கேட்டுக்கொண்டே போனார். நாற்பத்தாறு வார்த்தை கிடைக்காமல் திணறினான். கடைசியில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “காட்டு” என்றார்.

நாற்பத்தாறு அவரை நடுவில் நிறுத்தினான். இரண்டு பேரை இழுத்து வந்து அவர் கைகளை அவர்கள் தோளில் போட்டான். எதிரே இன்னும் இரண்டு பேரைக் கூட்டி நிறுத்தித் தானும் அவர்கள் நடுவே குனிந்தான். தலைகள் மோதிப் பூட்டிக்கொண்டன. படகு வந்து கரை தட்டியது. ஏறச் சொல்லி மணி அடித்தார்கள். ஆறு பேரும் அசையவில்லை.

“இவ்வளவுதானா?” என்று உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“தள்ளுங்கண்ணே” என்றான் நாற்பத்தாறு. “தள்ளினாத்தான் தெரியும்.”