என் பெயரில் மூவாயிரம் கோடி ஆண்டுகள்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எம்.எஸ்ஸி. இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் வயதைக் கணக்கிட்டேன். ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகள் என்று வந்தது.
2. என் வரைபடம் தலைகீழாக இருக்கிறது என்றார் துறைத்தலைவர். இல்லை என்றேன்.
3. "சரி விடும்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.
4. எனக்குத் தெரியாமல் வரைபடம் திருப்பி வரையப்பட்டது. வயது மாற்றித் தட்டச்சு செய்யப்பட்டது. பைண்டிங்கும் முடிந்தது.
5. அட்டையில் என் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது; இப்போது நாலைந்து வருடம் ஆகிவிட்டது. எங்கள் கல்லூரி மதுரைக்கு வெளியே, பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருந்தது. சமயநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். துறையில் உருப்படியான தொலைநோக்கி இல்லை. நட்சத்திரங்களில் ஆராய்ச்சி செய்தவர்களும் இல்லை. துறைத்தலைவர் படிகங்களைப் பற்றி ஆராய்ந்தவர். அந்த விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் என்று அவரே முடிவுசெய்திருந்ததுதான் சிக்கல்.

வேலை கடினமானதல்ல, பொறுமை வேண்டும். ஒரு கூட்டத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. வரிசையாகப் பல அடுப்புகளை ஒரே நேரத்தில் பற்றவைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பனையோலை போட்ட அடுப்பு பிரகாசமாக எரிந்து முதலில் அணையும். புளியங்கட்டை போட்டது கடைசிவரை கனன்றுகொண்டிருக்கும். எந்த அடுப்பு வரை அணைந்திருக்கிறது என்று பார்த்தால், எப்போது பற்றவைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். நட்சத்திரங்களில் ஓலை போன்றவை நீல நிறத்தில் பிரகாசமானவை, கட்டை போன்றவை சிவந்து மங்கியவை. ஆய்விதழ் ஒன்றில் வெளியான அளவுகளை நூலகத்தில் உட்கார்ந்து கையால் படியெடுத்தேன். பிரகாசத்தை மேலும் கீழுமாக, நிறத்தைக் குறுக்காக வைத்து, நட்சத்திரத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிகள் சாய்ந்த வரிசையாக மேலே ஏறி, ஓரிடத்தில் வலப்பக்கம் வளைந்து திரும்பின. அந்தத் திருப்பம்தான் அடுப்புகள் அணைந்திருக்கும் எல்லை; அங்கே இருக்கும் நிறம்தான் வயதைச் சொல்லும்.

ஒரே ஒரு விசித்திரம் உண்டு. வானியலில் பிரகாசம் கூடக் கூட எண் குறையும். அதனால் வரைபடத்தில் சின்ன எண் மேலேயும் பெரிய எண் கீழேயும் இருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் வரைகிறார்கள்.

"எந்த ஊர்லம்மா ஆறு மேலயும் பதினாலு கீழயும் இருக்கு?" என்றார் துறைத்தலைவர். "கிராஃப் போடக்கூடத் தெரியாமயா இம்புட்டு தூரம் வந்துட்ட?"

"ரேங்க் லிஸ்ட்ல ஒண்ணு மேலதான சார் இருக்கும்? இதுவும் ரேங்க் மாதிரிதான்."

"ரேங்க் லிஸ்ட் போடுறது ஆபீஸ் வேலை. இது ஃபிசிக்ஸ்."

புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். அச்சுப் பிழையாக இருக்கும் என்றார். அதன் பிறகுதான் அந்த "விடும்மா".

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். என் ஆய்வேட்டைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார்.

"மூவாயிரம் கோடி வருஷமா? ஏம்மா, பிரபஞ்சத்துக்கே அவ்வளவு வயசு இல்லையே. அப்பனுக்கு முன்னாடி பிள்ளை பொறந்திருச்சா?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். என் புள்ளிகள்தான், கறுப்பு இந்தியன் மையில், அழகாக. ஆனால் எண்கள் கீழிருந்து மேலே ஏறின. மங்கிய சிவப்பு நட்சத்திரங்கள் உச்சியில் உட்கார்ந்திருந்தன. "வரிசையின் மேல் முனையில் உள்ள நிறத்தைக் கொண்டு வயதைக் காண்க" என்று செய்முறையில் நான் எழுதியிருந்தேன். கவிழ்த்த படத்தில் மேல் முனையைப் பார்த்து யாரோ வயது கண்டிருந்தார்கள்.

துறைத்தலைவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தபடி, "அவசரத்துல எழுதிருப்பா சார். பொம்பளப்பிள்ளை பாருங்க, வீட்டுல கல்யாணப் பேச்சு வேற" என்றார்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சே இல்லை. என் கணக்கை மாற்றியதோடு நில்லாமல் எனக்கு ஒரு கல்யாணத்தையும் அந்த ஒரு வாக்கியத்தில் ஏற்பாடு செய்துவிட்டார்.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மேற்கு வெயில் நேராக அடித்தது. "சார், இங்க கொஞ்சம் வாங்க" என்று தேர்வாளரை அழைத்தேன். அந்தத் தாளை மட்டும் பிரித்து, மேல் விளிம்பு கீழே வரும்படி புத்தகத்தைக் கவிழ்த்து, தாளின் பின்பக்கம் எங்களைப் பார்க்கும்படி வெளிச்சத்தில் பிடித்தேன். கிராஃப் தாள் மெல்லியது. மை மறுபுறம் தெளிவாகத் தெரிந்தது.

"எழுத்தை விட்டுருங்க சார். புள்ளியை மட்டும் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "அட, மேல ஏறிப் போயி வலது பக்கம் திரும்புதே!"

"அந்தத் திருப்பத்துலதான் சார் வயசு. முப்பது கோடி."

"இதை யாரு கவுத்தது?"

"நான் இல்ல சார்."

"டீ ஆறுது சார், வாங்க" என்றார் துறைத்தலைவர்.

தேர்வாளர் போகும்போது, "ஒரு திருத்தத் தாள் ஒட்டிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் வரைந்தவன் எழுமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த என் வகுப்புத் தோழன். வகுப்பில் எல்லாருக்கும் படம் போட்டுக் கொடுக்கிறவன். வராந்தாவில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"சார் திருப்பி வரையச் சொன்னாரு, வரைஞ்சேன். உன்கிட்டச் சொல்லியாச்சுன்னாரு. வயசுக்கு நீ எழுதின ஸ்டெப்பத்தான் ஒண்ணுவிடாமப் பண்ணேன்."

"மூவாயிரம் கோடின்னு வந்தப்பவாவது சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு. வானத்துல எதுவும் பெருசாத்தான இருக்கும்னு விட்டுட்டேன்."

அவன்மேல் எனக்கு அவ்வளவாகக் கோபமில்லை. என் கோபமெல்லாம் மறுநாள் கேட்ட பதிலின் மேல்தான். திருத்தத் தாளைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன்.

"வெளியூர்க்காரர் முன்னாடி டிபார்ட்மெண்ட் மானத்தை ஜன்னல்ல தொங்கவிட்டுட்டு, இப்ப ஒட்ட வேற வாரியா? பைண்டிங் ஆனதுல யாரும் கைவைக்கக் கூடாது. அது ரூல்."

பைண்டிங்குக்கு முன்னால் என் பெயரின் கீழ் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பைண்டிங்குக்குப் பின்னால் நானே மாற்றக் கூடாது. இப்படி ஒரு ரூல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். வாசலைக் காட்டினார்.

நான் முதல் வகுப்பில் தேறினேன். மதிப்பெண்ணில் குறையில்லை. நன்றாகத்தானே முடிந்தது, இன்னும் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். போன மாதம் சமயநல்லூர் பஸ்ஸில், அதே கல்லூரியில் இப்போது படிக்கிற பெண் ஒருத்தி, துறையில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோவை வைத்து என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க தீசிஸத்தான் எங்களுக்கு மாடலாக் குடுத்திருக்காங்க. படமெல்லாம் அம்புட்டு நீட்டா இருக்கு. நாங்களும் அதே மாதிரிதான் வரையிறோம்."

அன்றைக்கு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன். அவளுடைய நோட்டின் பின்பக்கத்தில் அச்சை எப்படி வைக்க வேண்டும் என்று வரைந்து காட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

இன்றைய நிலை: அந்தக் கூட்டத்தின் வயது ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகள். துறை நூலகத்தில் இருக்கும் பிரதியில், என் பெயருக்குக் கீழே, மூவாயிரம் கோடி என்று இருக்கிறது. திருத்தத் தாளை ஒட்ட மூன்று முறை அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை. தாள் என்னிடம்தான் இருக்கிறது.