M வந்தா D

கொள்ளுப்பிட்டியில வேலைக்குச் சேர்ந்த புதுசு. இன்சூரன்ஸ் கொம்பனி ஒண்டு எங்களுக்கு XML ஃபைல் அனுப்பும். அதில ஒவ்வொரு தகவலும் பெயர் ஒட்டின பெட்டி மாதிரி வரும். புரோகிராம் கோட்டுக்கு மேல @ போட்டு அனொடேஷன் எண்டு ஒரு வரி எழுதினா, இந்தப் பெட்டியில கிடக்கிறது எங்கட புரோகிராமில அதுக்கெண்டு இருக்கிற ஒப்ஜெக்டுக்குள்ள போயிடும். சிம்பிள் மச்சான்.

தகப்பன் எண்ட பெட்டிக்கு ரெண்டே எழுத்துத்தான் தந்தவை. A எண்டா இருக்கிறார், D எண்டா செத்துப்போனார். ஆனா பழைய ரெக்கோட் சிலதில M எண்டு வந்துது. காணாமல் போனவர். என்ட கோட் எரர் ஒண்டும் அடிக்காம அந்த இடத்தை வெறுமையா விட்டுது.

டீம் லீட் அண்ணை கத்தினார். "என்னடா, ஓட்டை ஓட்டையா கிடக்கு? M வந்தா D எண்டு மாத்தி மப் பண்ணு."

"அவை செத்தவை எண்டு ஆர் சொன்னது அண்ணை?"

"சண்டை முடிஞ்சு எத்தினை வருசமாச்சு, இனி எங்கயிருந்து வரப் போகினம்? உனக்கென்ன, உன்ட அப்பாவா?"

"ஓம்."

அவர் கதிரையை இழுத்து என்ட பக்கத்தில இருந்தார். பிறகு மெல்லமா, "சொரிடா. ஆனா இன்சூரன்ஸ்காரன்ட புது சிஸ்டம் M எடுக்காது," எண்டார்.

வெள்ளவத்தை ஃப்ளட்டில அம்மா இண்டைக்கும் எந்த ஃபோமிலயும் அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்ட இடத்தை நிரப்பமாட்டா. தெரியாததை எப்பிடி எழுதிறது எண்டு ஒஃபிஸர்மாரோட சண்டை பிடிப்பா.

நான் எழுதமாட்டன் எண்டன். அண்ணை என்ட கீபோர்டை இழுத்துத் தானே தட்டினார். டெஸ்ட் எல்லாம் பச்சை, பாஸ். என்ட லொகின் எண்டபடியா, மாத்தினது ஆர் எண்ட இடத்தில என்ட பெயர்தான் விழுந்துது.