பிசுக்கு

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. அடியிலிருந்த குழாயைக் கழற்றினேன். கறுப்பாகக் கொழகொழவென்று கையில் வழிந்தது. "அய்யே, ஒரே கங்க்!" என்று மூக்கைப் பொத்தினாள் மகள். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். செல்போனில் தேடி வாசித்தாள். பிசுபிசுவென்று ஒட்டும் எந்த அசிங்கத்தையும் இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்களாம். முதலில் அது எண்ணெய் அழுக்கைப் போக்க அமெரிக்காவில் விற்ற சோப்பின் பெயராம். அழுக்கை எடுத்த சோப்பின் பெயரையே அழுக்குக்கு வைத்துவிட்டார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாடை வந்தது.

அப்பா செம்பட்டியில் லாரிப் பட்டறை ஒன்றில் இன்ஜின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது வடமதுரையில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். அன்று விடிகாலையில்கூட பெரியப்பாவின் லாரி இன்ஜினைத்தான் கழுவிக் கொடுத்திருந்தார். சோப்புத்தூளும் மணலும் போட்டு மூன்று தடவை கையைத் தேய்த்தும் நகக்கண் கறுப்பு போகவில்லை. முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போட்டாகிவிட்டது.

பெரியப்பா வந்தார். "ஏலே பிசுக்கு, எந்திரி. சம்பந்தி வீட்டுக்காரங்க உக்காரட்டும். நீ கடைசிப் பந்தில சாப்ட்டுக்க."

பந்தியே சிரித்தது. "சரிண்ணே, செத்த நேரம் கழிச்சு வாரேன்" என்று அப்பாவும் சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் பெரியப்பாவின் பேரனுக்குக் கல்யாணம். நகக்கண்ணில் இந்தக் கறுப்போடுதான் முதல் பந்தியில் உட்காரப் போகிறேன். எவன் எழுப்புகிறான் என்று பார்க்கிறேன்.