அக்காவுக்குப் போட்ட சரிவு

சிமென்ட் மூட்டையின் வாயைப் பிரித்ததும் எழும் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் லேசில் நிற்காது. ஈரக் கலவையை மம்மட்டி தரையோடு வழிக்கும் கரகரச் சத்தமோ பல்லைக் கூசவைக்கும். தொண்ணூறுகளில் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களில், துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி என்று கொத்தனார் போன பிறகு மிச்சமாகும் வேலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே செய்துகொள்வோம்.

அப்படி அப்பா வாசலில் போட்டது ஒரு சரிவு. இளம்பிள்ளை வாதத்தில் கால் விளங்காமல் போன அக்காவின் மூன்று சக்கர வண்டி வாசற்படியில் இறங்காது. தெருக்கோடியில் இருந்த சினேகிதி வீட்டுக்கு, யாரும் தூக்கிவிடாமல், தானே போய்வர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அப்பா மணலையும் சிமென்டையும் புரட்ட, நான் ஜல்லியை இரும்புச் சட்டியில் அள்ளிப் "பாண்டு" பாண்டாகக் கொட்ட, அம்மா குடத்துத் தண்ணீரை நடுக்குழியில் விட, நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அக்காதான் எங்களுக்கு மேஸ்திரி.

"அந்த மூலையில இன்னும் வெள்ளையாவே கீதுப்பா, நல்லா பெரட்டு!"

"இன்னா சார், லீவுன்னா சித்தாள் வேலையா?" என்று எதிர்வீட்டு அம்மாள் சிரித்தாள்.

மகளுக்கென்று செய்கிறோம் என்ற ஆசையில்தான் அப்பா கோட்டைவிட்டார். சொரசொரப்பாக விட்டிருக்க வேண்டிய சரிவை, கூடத்துத் தரையைப் போல் சிமென்ட் பால் ஊற்றி, கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார். ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்டிய நாளெல்லாம் அக்கா நச்சரித்தாள். சாக்கை எடுத்த அன்று பார்த்துத் தூறல். அவள் கேட்கவில்லை, இறங்கிவிட்டாள். வண்டி பிரேக்குக்கு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

ஆனால் அம்மா ஆடிப்போய்விட்டாள். "இனிமே தனியா எறங்கினே, தெரியும் சேதி! எங்க போவணும்னாலும் நானே தள்ளிகினு வரேன்."

அப்பா மறுநாளே உளியை எடுத்து அந்த வழவழப்பையெல்லாம் கொத்திவிட்டார். அம்மா மசியவில்லை. அக்காவும் தனியாகப் போகிறேன் என்று கேட்பதையே விட்டுவிட்டாள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அவள்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டதில் தெரு உயர்ந்து, சரிவு அடியில் புதைந்து, வாசலும் சாலையும் ஒரே மட்டமாகிவிட்டன. போன மாதம் அங்கே போயிருந்தபோது, இனி யார் தயவும் வேண்டாமே, தெருக்கோடி வரை ஒரு தடவை போய்வாயேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"போலாம்டி," என்றாள் அக்கா. "யார் வூட்டுக்குப் போறது, சொல்லு? அவதான் வூட்ட வித்துட்டு எப்பவோ போய்ட்டாளே."