பாக்கியம் மிஸ்ஸியின் தொட்டித் தண்ணீர்

பாரூக் நானாவின் அழைப்பு வந்தபோது நான் இரத்தினபுரி நீதிமன்ற வாசலில் ஒரு வழக்கின் தவணை தெரிவதற்காகக் காத்து நின்றேன். பலாங்கொடையில் மீன் தொட்டியும் மீன் தீனியும் விற்கும் கடைக்காரர் அவர். வேலை நேரத்தில் என்னை அழைப்பவர் அல்ல.

"நம்மட மிஸ்ஸி மௌத்தாப் போயிட்டாங்க," என்றார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, "போத்தல் நெறஞ்சுதான் இருந்திச்சாம். அதனால யாருக்கும் ஒண்ணும் தோணல்லயாம்," என்றார்.

மிஸ்ஸி இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விவரம் தெரிந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போன பெண்கள் வழக்கம்போல அவருடைய வீட்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே மீன் தொட்டிக்கு மேல் கவிழ்த்து வைத்த போத்தலில் தண்ணீர் இருந்தது. மிஸ்ஸி எழுந்து நடமாடுகிறார் என்று நினைத்து மலைக்கு ஏறிவிட்டார்கள். பகலில், பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணி, காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளையைக் காட்ட அவரிடம் தூக்கிக்கொண்டு போனார். கட்டிலில் கிடந்த மிஸ்ஸியின் உடம்பு அதற்குள் குளிர்ந்திருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. பலாங்கொடைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் தோட்ட மருத்துவிச்சியாக இருந்த பாக்கியம் மிஸ்ஸியின் கையில் பிறந்தவர்கள். அந்தப் போத்தல் எப்படி அங்கே வந்தது என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டும். அது வந்தபோது கூட இருந்தவர்கள் நானும் பாரூக் நானாவும்தான்.

நான் அவரை முதலில் சந்தித்தது ஒரு பத்திரிகைச் செய்திக்காக. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்கிய கொழுந்து லொறி பாதி வழியில் நின்றுவிட்டது. பெய்யும் மழையில், படங்கு விரித்த லொறியின் பின்பகுதியிலேயே அவர் பிள்ளையை எடுத்துவிட்டார். மறுநாள் நான் அவரைத் தேடிப் போய்ப் பெயர் கேட்டேன். "பிள்ளைக்கே இன்னும் பேரு வைக்கல்ல. அதுக்குள்ள எனக்கு எதுக்குங்க பேரு?" என்று அனுப்பிவிட்டார். 'தோட்ட மருத்துவிச்சி ஒருவர்' என்றுதான் அந்தச் செய்தி வந்தது. அன்றிலிருந்து நான் அவருக்குப் பேப்பர்க்காரர்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் மருத்துவிச்சிக்குத் தட்டு வைப்பது தோட்டத்து வழக்கம். வெற்றிலை, தேங்காய், ஒரு சேலை. மிஸ்ஸி ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் தள்ளுவார். ஒருமுறை, "ஒரு சேலை வாங்கினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டேன்.

"நான் சம்பளம் வாங்குறேன். என் கையில பொறந்ததுக கிட்ட போய் ஒண்ணு கேட்டா, அது கூலி கேட்ட மாதிரி ஆயிரும்," என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் அதில் அவர் மாறவில்லை. பழைய குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். கணவர் இறந்து பல காலம், பிள்ளைகள் இல்லை. மாற்றலாகிப் போன ஒரு தோட்டத்துரை, பங்களாவில் இருந்த மீன் தொட்டியை மீன்களோடு அவரிடம் விட்டுப் போனார். மூடி உடைந்த பெரிய தொட்டி, நெஞ்சளவு உயரமான இரும்புக் கால்களில் நின்றது. அதன் வடிகட்டி மோட்டர் ஒரு பக்கமாகத் தொங்கும். தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் மோட்டர் காற்றை இழுத்துக் கருகிவிடும். காற்று காலத்தில் எங்கள் பக்கத்து மலைகளில் துவைத்துப் போட்ட துணி காய்கிற வேகத்தில் தொட்டித் தண்ணீரும் போகும். மிஸ்ஸிக்குத் தோள்மூட்டு பிடித்துக்கொண்டது. வாளியைத் தூக்கித் தொட்டிக்குள் ஊற்ற முடியவில்லை. ஒரு மோட்டர் கருகியது. வாங்கிய அடுத்ததும் கருகியது.

பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் தடியான பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும். அந்தக் குரலைக் கொடுக்காமல், பஸ் ஏறி பாரூக் நானாவின் கடைக்கு வந்தார். என்னையும் அங்கே வரச் சொல்லியிருந்தார்.

தண்ணீர் குறைந்தால் தானாக நிரப்பும் சாமான் வேண்டும் என்றதும் நானாவுக்கு உற்சாகம். மூன்று வகையை மேசையில் வைத்தார். முதலாவது மின்சாரத்தில் இயங்குவது.

"இது சிங்கப்பூர் சாமான் மிஸ்ஸி. தண்ணி ஒரு நூல் எறங்கினா இந்தக் கண்ணுக்குத் தெரிஞ்சிரும். கீழ வாளியில இருக்கிற மோட்டர் தானா ஏத்தும். நீங்க படுத்துக்கிட்டு ரேடியோ கேக்கலாம்."

"கரண்ட் போனா?"

"போனா போனதுதான்."

"இடி விழுந்தா?"

"அதுவும் போனதுதான்."

"எங்க மலையில வாரத்துக்கு ரெண்டும் நடக்கும், நானா." பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது கெடக்கட்டும். இந்த வயரையும் செவப்பு லைட்டையும் பையில போட்டுக்கிட்டு நான் பஸ்ஸுல போறேன். சென்ட்ரியில எறக்கி என்னான்னு கேப்பான். மீனுக்குத் தண்ணி ஊத்துற மெஷின்னு சொல்லுவேன். நாளைக்கு நம்ம பேப்பர்க்காரர் பேப்பர்லயே என் படம் வந்துரும்."

நானா சிரித்துவிட்டு, வாசலைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சோதனைச் சாவடிகள் இருந்த காலம் அது. பெட்டி உள்ளே போனது.

இரண்டாவது, கவிழ்த்து வைக்கும் போத்தல். தொட்டியின் மட்டம் போத்தலின் வாய்க்குக் கீழே இறங்கினால் காற்று உள்ளே ஏறும். ஏறிய அளவுக்குத் தண்ணீர் இறங்கும். "இது ஏழைட ஓட்டமேட்டிக்," என்றார் நானா.

"எத்தன நாளைக்கு வரும்?"

"காத்து காலத்துல ரெண்டு நாள்."

"அப்போ ரெண்டு நாளைக்கு ஒருக்கா கையத் தூக்கணும். கையத் தூக்க முடியாமத்தானே உங்க கடைக்கு வந்தேன்?"

மூன்றாவது மிதவை வால்வு. கழிவறைத் தொட்டியில் இருப்பதுதான், அளவில் சிறியது. லயத்துக்குப் போகும் பைப்பில் ஒரு கிளை எடுத்துப் பூட்டினால் மட்டம் இறங்கும்போது திறக்கும், நிரம்பினால் மூடும். மின்சாரம் வேண்டாம், கையும் வேண்டாம். நானா சொல்லி முடித்ததும் மிஸ்ஸி ஒன்றுதான் கேட்டார்.

"கெட்டுப் போனா எப்படித் தெரியும்?"

"கெடாது மிஸ்ஸி."

"அத நான் கேக்கல்லயே. அழுற பிள்ளைக்கு நான் ஒரு நாளும் பயந்ததில்ல நானா. சத்தம் இல்லாமக் கெடக்கிறதுக்குத்தான் பயம்."

நானா யோசித்து ஒரு வழி சொன்னார். தொட்டியின் விளிம்புக்குக் கீழே இன்னொரு குழாய் வைத்துப் பின்பக்கம் விட்டுவிட்டால், வால்வு மூடாமல் போனாலும் வீட்டுக்குள் தண்ணீர் வராது. அது போதும் என்று மூவரும் நினைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாவும் நானும் போய்ப் பூட்டிக் கொடுத்தோம். மிஸ்ஸி எங்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். நானா மிதவையை விரலால் அழுத்திக் காட்டும்போதெல்லாம், "விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்று அதட்டினார்.

அடுத்த வருஷம் மழை பிந்தியது. ஊற்று வற்றி, தோட்டத்துப் பைப்பில் காலையில் சிறிது நேரம் மட்டுமே தண்ணீர் வந்தது. அதைத் திறந்து மூடும் வேலை ராமையாவுடையது. தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி எழுதுவதற்காக நான் போன காலையில், லயத்துக் குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் நின்ற பெண்கள் வெறும் குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ராமையா மிஸ்ஸியின் வீட்டு வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. மலையே காஞ்சு கெடக்கு. ஒங்க வீட்டுப் பின்னால வாழ மட்டும் பச்சப்பசேல்னு நிக்குது."

பின்பக்கம் போய்ப் பார்த்தோம். வாழையடியில் சேறு. நானா வைத்த இரண்டாவது குழாயிலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. வற்றிய ஊற்றிலிருந்து வந்த மணல் வால்வின் வாயில் சிக்கி, அது மூடாமல் நின்றுவிட்டது. மிஸ்ஸியின் வீடு லயத்துக்கு மேலே இருப்பதால், பைப்பைத் திறந்ததும் தண்ணீர் முதலில் அவருடைய தொட்டிக்குத்தான் வரும். எத்தனை காலையாக அப்படி ஓடியதென்று யாருக்கும் தெரியவில்லை.

மிஸ்ஸி கிளைப் பைப்பை மூடினார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நேராகக் குழாயடிக்கு நடந்தார். நின்றிருந்த பெண்களிடம் நடந்ததைச் சொன்னார். செல்வராணிதான் முதலில் பேசினார்.

"மீனுக்குத் தானே மிஸ்ஸி, போகட்டும் விடுங்க."

"என்னாடி போகட்டும்? ஒன் பிள்ளைய ரெண்டு நாளா குளிப்பாட்டாம வச்சிருக்க. போகட்டுமா?"

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி ஏன் பத்தல்லன்னு எழுதத்தானே வந்தீங்க? எழுதுங்க. மிஸ்ஸி வீட்டு மீன் குடிச்சிருச்சின்னு எழுதுங்க. இப்ப என் பேரப் போடலாம்."

ஊற்று வற்றியதைப் பற்றி மட்டும் எழுதினேன். பேப்பரைப் படித்துவிட்டு, "பாதிதான் எழுதியிருக்கீங்க," என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே வால்வைக் கழற்றி நானாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போத்தலை வாங்கிப் போனார். நானா அதன் வாயை மட்டத்துக்குச் சரியாக வெட்டி, கம்பியில் ஒரு தாங்கி செய்து ஜன்னலோரம் பூட்டிக் கொடுத்தார். அதற்குரிய தண்ணீரை மிஸ்ஸி ஒரு செம்பை எடுத்துப் போய், மற்றவர்களோடு வரிசையில் நின்று பிடித்தார். யாராவது வழிவிட்டால் திட்டினார். தோளுக்கு மேல் கை எழாததால், போத்தலைக் கவிழ்க்க ஒரு முக்காலி மேல் ஏறினார். அவர் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கும்.

காற்று ஏறும்போது போத்தல் ஒரு சத்தம் போடும். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வேறு சத்தம் கிடையாது. ரேடியோ பழுதாகி, அது அப்படியே கிடந்தது. பேச்சின் நடுவே போத்தல் குளுக்கென்றால், "ஆ, சொல்லு," என்பார். முதலில் எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஜன்னலில் போத்தலைப் பார்த்துப் போகும் வழக்கம் அந்தப் பெண்களுக்கு எப்படி வந்ததென்று செல்வராணிக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "யாரும் பேசிச் செஞ்சது இல்லங்க. காலியாக் கெடந்தா உள்ள போயிப் பாக்கணும்னு எல்லாருக்கும் மனசுல இருந்திச்சி. ஒரு நாளும் காலியாக் கெடக்கல்ல," என்றார். கடைசி நாளும் கிடக்கவில்லை. முந்தின மாலை அவர் முக்காலியில் ஏறியிருக்க வேண்டும்.

அவரைத் தேயிலைக்கு நடுவே உள்ள மயானத்துக்குத் தூக்கிப் போன அன்று தோட்டத்தில் யாரும் வேலைக்குப் போகவில்லை. சுமப்பதற்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். லொறி ஓட்டும் ஒருவர், அன்று மழையில் லொறிக்குள் பிறந்த பிள்ளைதான், முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்க வந்து ஊத்தியிருக்க மாட்டமா? பக்கத்துலதானே இருந்தோம்?" என்று என்னிடம் கேட்டார். செல்வராணிதான் பதில் சொன்னார்: "கேட்டா அது மிஸ்ஸியா, தம்பி?"

அவர் ஒருமுறை கேட்டார் என்பதை அங்கே நான் சொல்லவில்லை. அவர்களுடைய துக்கத்தில் அது இன்னொரு காயமாகியிருக்கும். இப்போது ஆறி இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நான் போயிருந்தேன். விரல்கள் வீங்கியிருந்தன. தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். போத்தலில் அடித் தண்ணீர் மட்டும் மீதி. அவர் அதைப் பார்த்தார். பிறகு வெளியே ரோட்டைப் பார்த்தார். மலையிலிருந்து இறங்கும் ஆட்களின் பேச்சு கேட்டது. அவர்கள் போய் முடியும் வரை காத்திருந்தார்.

"பேப்பர்க்காரரே, நீங்க பொறந்தது எங்க?"

"நிவித்திகலயில மிஸ்ஸி. ஆஸ்பத்திரியில."

"அப்போ என் கையில இல்ல."

"இல்ல."

"நல்லதாப் போச்சு," என்றார். "அந்தப் போத்தல நெறச்சுக் கவுத்துட்டுப் போங்க. சிந்தினாப் பரவாயில்ல."

நிரப்பிக் கவிழ்த்தேன். சட்டைக் கையெல்லாம் நனைந்தது. "பழக்கமில்லாத கை," என்று சொல்லி, துண்டை எடுத்துப் போட்டார். அதன் பிறகும் இரண்டு முறை, அந்தப் பக்கம் வேலை இருக்கிறதென்று சொல்லிப் போய் நிரப்பி வந்தேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

செய்தி சேகரிக்கப் போகிறவன் எங்கேயும் வெளியாள். எத்தனையோ வாசல்களில் அந்த ஒரு காரணத்துக்காக நான் நிறுத்தப்பட்டிருக்கிறேன். ஒரு மலை நிறையத் தன் கையில் பிறந்தவர்களை வைத்துக்கொண்டு, ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றச் சொல்ல மிஸ்ஸிக்கு வெளியாள் ஒருவன் தேவைப்பட்டான். நான் அப்படிப்பட்டவனாக இருந்தது அவருக்கு உதவியது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.