மேசை தட்டாமல் ஒரு வரி

பாடத்தை ராப் பாட்டாக்கியது என் யோசனைதான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. நாகலூர்ப் பள்ளியில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸிலும் வராந்தாவிலும் வாயாலேயே பீட் போட்டுக்கொண்டு திரிவார்கள். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் கொட்டாவி. ஹிப்-ஹாப் என்றாலே எனக்குத் தலைவலி. இருந்தும், சரி, அப்படியே படித்துத் தொலையுங்கள் என்று விட்டேன். ஒருவர் மேசையைத் தட்ட, மற்றவர்கள் உரைநடையைத் தாளத்தில் சொல்ல, வகுப்பு களைகட்டியது. தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் கெட்டிக்காரி தலைச்சோலையிலிருந்து வரும் ஒரு பெண். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். இரண்டு பக்கத்தை மூச்சுவிடாமல் சொல்வாள். அவளுடைய தேர்வுத்தாள் பாதி வெறுமையாக இருந்தபோது, எழுதச் சோம்பல் என்று திட்டினேன்.

ஒரு சாயங்காலம் அவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தலைச்சோலை பஸ் இன்று வராது என்று கம்பத்தில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே நின்று அவள் அந்தப் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

"ஏன் கண்ணு, பஸ் இல்லைன்னு போட்டிருக்கே, பாக்கலையா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க டீச்சர். அப்புறம் நான் சொல்லிருவேனுங்க."

அவளை ஓர் எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போதுதான் புரிந்தது: அவளுக்குத் தனித்தனி எழுத்து தெரியும்; சேர்த்துப் படிக்க வராது. பக்கத்து மேசைக்காரி சொல்வதைக் காதால் பிடித்துத் திருப்பிச் சொல்லியே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறாள். நான் கைதட்டியிருக்கிறேன். அடுத்த வருடம் பொதுத்தேர்வு. அங்கே யார் மேசையைத் தட்டுவார்கள்? மறுநாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைத் தனியே உட்கார வைத்தேன். பாடப்புத்தகம் வேண்டாம், நீயே ஒரு ராப் சொல் என்றேன். அம்மா காப்பிப் பழம் பறிப்பதைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதி, விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். அவளுக்கு மிகவும் பிடித்த வரி: 'எறும்பு கடிச்சுது, எங்கம்மா அழுவல.' ஒரு மாதத்தில் தாள் முழுவதையும் தடையில்லாமல் வாசித்தாள்.

அப்போதுதான் அடுத்த பயம் பிடித்தது. எல்லாம் அவளே சொன்னது. கண் படிக்கிறதா, வாய் ஒப்பிக்கிறதா? கேட்டால் குறுகிப்போவாள். கேட்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அதே பாட்டை வேறொரு தாளில் எழுதி, ஒரே ஒரு சொல்லை மாற்றிவைத்தேன்.

"தாளம் போடாம படி, சாமி."

என் விரல்கள் தானாகத் தட்டிவிடும் என்று பயந்து கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். முதல் வரி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது வரியில் 'எறும்பு கடிச்சுது' வரை விரல் ஓடியது. வழக்கம்போலவே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை.

விரல் நின்றது. பின்னால் போய்த் திரும்ப வந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அவள் தலையை நிமிர்த்தினாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"எங்கம்மா அழுவவே இல்லைங்க டீச்சர். எதுக்குங்க அழுதுச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்க?"